அணிவகுக்கும் கரித்துகள்கள்

அகன்ற கண்ணாடித் தட்டொன்றிலே சிறிது ஆமணக்கெண்ணெயை ஊற்றி, அதன்மேல் ஒரு சிட்டிகை ரவையைத் தூவினால் என்ன நிகழும்? விந்தையாக ஒன்றும் நிகழாது. அடுக்களையில் உப்புமாவுக்கு வறுக்கப்படும் அதே ரவை, எண்ணெயில் இங்கொன்றும் அங்கொன்றுமாய், மனம்போன திசையிலே தலைநீட்டிக் கிடக்கும். ஆயின், அத்தட்டினுள் எதிரெதிராக இரண்டு உலோகத் தகடுகளை நிறுத்தி, அவற்றைச் சில ஆயிரம் வோல்ற்று மின்னழுத்தந் தரும் பாடசாலைக் கருவியோடு இணைத்துப் பாருங்கள். அடுத்த கணமே அந்த ரவைக்கு உயிர் வந்தாற்போலத் தோன்றும். ஒவ்வொரு மணியும் மெல்லத் திரும்பும். ஒன்றன் வாலை மற்றொன்றின் தலை தேடிச் சென்று தொடும். சிறிது நேரத்துள் ஒரு தகட்டிலிருந்து மறு தகடுவரை ரவையாலாய சங்கிலிகள் நீண்டு நிற்கும்.

கண்ணுக்குப் புலனாகாத மின்புலத்தின் கோடுகளை மாணவர்க்குக் காட்டும்பொருட்டுப் பௌதிக ஆசிரியர்கள் செய்துவரும் பரிசோதனை இது. ஆசிரியரின் மேற்பார்வையிலன்றி இதனைச் செய்தலாகாது. வீட்டு மின்சாரத்தைக் கொண்டு செய்ய முனைதல் உயிருக்கே ஆபத்தாகும். எனினும் இதனைக் கண்ணாற் கண்ட எவரும் எளிதில் மறந்துவிடார்.

இந்தச் சிறுபிள்ளை வேடிக்கையைத்தான் இன்றைய ஆய்வுகூடங்களில் முதிர்ந்த விஞ்ஞானிகள் வேறு பொருட்களைக்கொண்டு செய்துவருகின்றனர். ஆமணக்கெண்ணெய்க்குப் பதிலாக அவர்கள் இறுகி உறையக்கூடிய பிசினைக் கையாளுகின்றனர். ரவைக்குப் பதிலாக, கண்ணுக்கு மட்டுமன்றிச் சாதாரண நுணுக்குக்காட்டிக்கும் தனித்தனியே புலப்படாத காபன் துகள்களைக் கலக்கின்றனர். மின்புலத்தினாலே துகள்கள் அணிவகுத்து நின்றதும் பிசினை உறையச் செய்துவிடுகின்றனர். பின்னர் மின்சாரத்தை நிறுத்தினாலும் அந்த அணிவகுப்புக் கலைவதில்லை. இவ்வாறு பிறக்கும் பொருள் பார்வைக்குச் சாதாரண பிளாஸ்டிக்; குணத்திலோ அது வேறொன்று.

கரியின் புதுப்பிறவி

கரி என்றதும் அடுப்பங்கரையும் விளக்குப் புகையுமே நம் நினைவுக்கு வருகின்றன. கரியும், பென்சிலினுள் இருக்கும் காரீயமும், மகுடத்திற் பதிக்கும் வைரமும் காபன் என்னும் ஒரே மூலகத்தின் வெவ்வேறு கோலங்கள் என்பதைப் பாடசாலையிற் படித்தோர் யாவரும் அறிவர். அணு ஒன்றே, அவ்வணுக்கள் அடுக்கப்பட்ட முறைதான் வேறு. ஒழுங்கு மாறக் குணமும் மாறுகின்றது. இக்கட்டுரை முழுவதற்கும் அடிப்படையான உண்மை இதுவேயாம்.

1985 ஆம் ஆண்டிலே குறோட்டோ, கேள், சிமோலி என்னும் மூவரும் அவர்தம் துணைவரும் அறுபது காபன் அணுக்கள் பந்துபோற் கூடிய மூலக்கூறொன்றைக் கண்டறிந்தனர். அதற்காக 1996 இல் அம்மூவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1991 இல் யப்பானிய விஞ்ஞானி சுமியோ இஜிமா, காபன் அணுத்தாள்கள் சுருட்டப்பட்டாற்போன்ற நுண்குழாய்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியினாற் கண்டு விரிவாக விவரித்தார். இத்தகைய உட்குழிவான காபன் இழைகளின் படங்களை 1952 இலேயே சோவியத்து ஆராய்ச்சியாளர் இருவர் வெளியிட்டிருந்தனர் என்பது பின்னரே பலருக்குந் தெரியவந்தது. 2004 இல் மஞ்செஸ்ரர் சர்வகலாசாலையிலே கைமும் நோவோசெலோவும் காரீயத்திலிருந்து ஓரணுத் தடிப்புள்ள தாளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். கிராபீன் எனப்படும் அத்தாளைப்பற்றிய ஆராய்ச்சிக்காக 2010 இல் அவ்விருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இவற்றின் அளவை மனத்திற் கொள்ளுதல் எளிதன்று. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால், அதில் ஒரு பங்கே ஒரு நனோமீற்றர். நமது தலைமயிரின் கனம் ஏறக்குறைய 80,000 நனோமீற்றர். பல சுவர்கொண்ட காபன் நுண்குழாய் ஒன்றின் கனமோ பத்து நனோமீற்றர் அளவினது. ஆனால் நீளத்தில் அது கனத்தைப்போல் ஆயிரம் மடங்கிருத்தல் கூடும். தென்னை ஈர்க்கின் கனத்திற்கு அதனைப் பெருப்பித்துப் பார்ப்போமாயின், அவ்வீர்க்கு இரண்டு மீற்றர் நீண்டிருக்கும். இவ்வளவு மெல்லிய குழாய் இழுவலிமையிற் சிறந்த உருக்குக் கம்பியையும் பன்மடங்கு விஞ்சக்கூடியது என்பது அளவீடுகளாற் புலனாகியுள்ளது. அத்துடன் மின்சாரத்தையும் வெப்பத்தையும் தன் நீளத்தின் வழியே அது வெகு நன்றாகக் கடத்துகின்றது.

சிதறி நின்றாற் பயனில்லை

இத்தகைய அற்புதப் பொருளைச் சிறிது பிளாஸ்டிக்கிலே கலந்துவிட்டால், பிளாஸ்டிக்கும் உருக்குப்போல் வலிமையும் செம்புபோற் கடத்துந்திறனும் பெற்றுவிடுமென்று தொடக்கத்திற் பலர் எண்ணினர். அந்த எண்ணம் கைகூடவில்லை. துகளிடத்துள்ள குணம் கலவைக்கு வந்து சேரவில்லை. காரணம் யாது?

கிராமத்திலே கிடுகு வேய்ந்த வீடொன்று தீப்பற்றிக்கொண்டது என வைத்துக்கொள்வோம். கிணறு வளவின் ஒரு மூலையில். வீடு மறு மூலையில். நூறுபேர் ஓடி வந்துவிட்டனர். ஆனால் அவர்கள் வளவெங்கும் மூலைக்கொருவராய்ச் சிதறி நின்று கூக்குரலிடுவார்களாயின் ஒரு வாளித் தண்ணீரும் தீயை அடையாது. கிணற்றடியிலிருந்து வீடுவரை இருபதுபேர் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாய் நின்றாற் போதும். வாளி கைமாறிக் கைமாறி ஓடிவரும். கலவையினுள் நிகழ்வதும் இதுவே. மின்னைக் கொண்டுசெல்லும் இலத்திரன்கள் அவ்வாளிகளைப் போன்றன. காபன் துகள்கள் ஆட்களைப் போன்றன. பிளாஸ்டிக்கோ மின்னைச் செல்லவிடாத காவலி. துகளுக்கும் துகளுக்கும் இடையே பிளாஸ்டிக் தடித்துக் கிடந்தால் இலத்திரன் அங்கேயே நின்றுவிடும்.

சிதறிய துகள்களைக்கொண்டே பாதை அமைக்கவேண்டுமாயின் துகள்களின் தொகையைப் பெருக்கவேண்டும். துகள்கள் பெருகப் பெருக, ஒரு கட்டத்திலே அவை தற்செயலாக ஒன்றோடொன்று தொட்டு, முனைக்கு முனை தொடர்ந்த பாதையொன்று திடீரெனத் தோன்றிவிடும். அந்த எல்லைக்கு முன் கலவை காவலி. அதனைக் கடந்ததும் கடத்தி. இவ்வாறான ஊடுபரவற் பாதைகளுக்குரிய கணித முறையை 1957 இல் புறோட்பென்ற், ஹமர்சிலி என்னும் இருவர் வகுத்தனர். சாதாரண கரித்தூளைக் கலக்குமிடத்து அந்த எல்லையை அடைவதற்குப் பலவேளைகளிற் கணிசமான அளவு தூள் வேண்டியிருக்கின்றது. தூள் மிகுந்தாற் பிசின் களிபோலத் தடித்து அச்சுக்குள் ஓடாது, உறைந்தபின் எளிதில் உடையும், விலையுங் கூடும்.

ஆகவே ஆட்களைப் பெருக்குவதா, இருக்கும் ஆட்களை வரிசையில் நிறுத்துவதா என்பதுதான் கேள்வி. இரண்டாவது வழி சிக்கனமானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி ஆட்களுக்கு அணிவகுக்குமாறு யார் கட்டளையிடுவது? அக்கட்டளையைத்தான் மின்புலம் இடுகின்றது.

துகள் ஏன் திரும்புகின்றது?

1600 ஆம் ஆண்டிலே இங்கிலாந்து தேசத்து மருத்துவர் வில்லியம் கில்பேட் காந்தத்தைப் பற்றிய தமது நூலில் ஒரு சிறு கருவியை விவரித்தார். கூரிய முனையொன்றின்மேற் சுழலத்தக்கதாய் வைக்கப்பட்ட இலேசான உலோக ஊசி அது. தேய்க்கப்பட்ட அம்பரை அதன் அருகே கொண்டுவந்தால் ஊசி அதனை நோக்கித் திரும்பும். ஊசிக்கு எவரும் மின்னேற்றங் கொடுக்கவில்லை. அருகில் வந்த ஏற்றமே ஊசியினுள்ளிருந்த ஏற்றங்களை இடம்பெயரச் செய்தது. நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் காபன் நுண்குழாயைத் திருப்புவதும் இதே தத்துவந்தான்.

இரண்டு மின்வாய்களுக்கிடையே பிசினில் மிதக்கும் குழாயொன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மின்புலம் ஏற்பட்டதும் குழாயினுள் உலாவும் இலத்திரன்கள் நேர்மின்வாயை நோக்கிய முனையில் ஒதுங்குகின்றன. ஆதலின் அம்முனை எதிரேற்றமும் மறுமுனை நேரேற்றமும் பெறுகின்றன. இப்பொழுது குழாய் இருமுனைவு ஆகிவிட்டது. குழாய் சாய்ந்து கிடந்தால், ஒரு முனையை ஒரு மின்வாயும் மறு முனையை மற்றைய மின்வாயும் இழுக்க, அது சுழன்று மின்புலத்தின் திசையிலே நேராக நின்றுவிடும். நீண்டு மெலிந்த உருவமுள்ள துகள் இவ்வாறு திரும்புவதற்கு மிகவும் ஏற்றது.

அத்தோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. நேராக நின்ற ஒரு குழாயின் நேர்முனை, தனக்கு முன்னால் நிற்கும் குழாயின் எதிர்முனையைக் கவர்ந்திழுக்கும். இவ்வாறு ஒன்றையொன்று பற்றிச் சங்கிலி வளர்கின்றது. திரும்புதல் ஒன்று, தொடர்தல் மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்ததாலேதான் மின்புல முறைக்குத் தனிச்சிறப்பு உண்டாயிற்று. பிளாஸ்டிக்கை இழையாக இழுத்து நீட்டினாலும் உள்ளிருக்கும் குழாய்கள் ஒரே திசையில் திரும்பும். ஆனால் ஒன்றையொன்று தொடாமல் எல்லாம் இணைகோடுகளாய் நின்றால் மின்சாரம் எவ்வாறு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும்? அளவுக்குமிஞ்சிய ஒழுங்கு கடத்துதிறனைக் குறைத்தலுங் கூடும் என்பதையும், சற்றே கலைந்த ஒழுங்குதான் மிகுந்த பயன்தரும் என்பதையும் பென்சில்வேனியா சர்வகலாசாலையினர் 2005 இல் எடுத்துக்காட்டினர். மின்புலமோ துகள்களைத் திருப்புவதோடு கைகோக்கவுஞ் செய்கின்றது.

காந்தத்தாலும் துகள்களைத் திருப்பலாம். ஆயின் காபனுக்குக் காந்தத்தின்மேலுள்ள பற்று மிகச் சொற்பம். 2002 இல் யப்பானிய ஆராய்ச்சியாளர் காந்தமுறையாற் குழாய்களை வரிசைப்படுத்தியபோது பத்து தெசலா வலிமையுள்ள மாபெருங் காந்தத்தை உபயோகிக்க நேர்ந்தது. மின்புல முறைக்கோ இரண்டு தகடுகளும் ஒரு மின்வழங்கியுமே போதும்.

நேரோட்டமா, ஆடலோட்டமா?

மின்கலத்திலிருந்து வருவது ஒரே திசையிற் செல்லும் நேரோட்டம். நமது வீடுகளுக்கு வருவது திசைமாறி மாறி வரும் ஆடலோட்டம். துகள்களை வரிசைப்படுத்த எது சிறந்தது? ஒரே திசையில் இழுக்கும் நேரோட்டமே சிறந்ததென்று முதலில் எவருக்குந் தோன்றும். உண்மை அதற்கு மாறானது.

பிசினில் மிதக்கும் குழாய்கள் பெரும்பாலும் தம்மேற் சிறிது மின்னேற்றத்தையும் சுமந்துகொண்டிருப்பன. நேரோட்டத்தில் அவை ஒரு மின்வாயை நோக்கிக் கூட்டமாக நகர்ந்து அங்கே குவிந்துவிடுகின்றன. பிசினிற் கலந்துள்ள அயன்களும் மின்வாய்களை மொய்த்துக்கொண்டு, நடுவிலுள்ள மின்புலத்தை மங்கச் செய்கின்றன. ஆடலோட்டத்திலோ இத்தொல்லைகள் குறைகின்றன. ஒரு கணம் இப்புறமாக இழுக்கப்பட்ட குழாய் மறுகணம் அப்புறமாக இழுக்கப்படுதலால், எங்கும் போய்க் குவியாமல் இருந்த இடத்திலேயே நிற்கும்.

அவ்வாறாயின், மின்புலம் திசைமாறும்போது குழாயும் தலைகீழாகச் சுழன்றுகொண்டே இருக்காதா என்று ஒரு மாணவன் கேட்கலாம். நல்ல கேள்வி. மின்புலம் திசைமாறும் அக்கணமே குழாயினுள் ஒதுங்கிய ஏற்றங்களும் முனைமாறிவிடுகின்றன. இரண்டும் ஒருங்கே மாறுதலால், குழாயைத் திருப்பும் விசையின் திசை மாறுவதில்லை. எதிரெண்ணை எதிரெண்ணாற் பெருக்கினால் நேரெண் வருவது போன்றதே இது. திருப்புவிசை மின்புலத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாய் இருப்பதற்கும் இதுவே காரணம். மின்புலத்தை இருமடங்காக்கினால் விசை நான்கு மடங்காகும்.

ஜேர்மனியின் ஹம்பேக் நகரத்துத் தொழில்நுட்பச் சர்வகலாசாலையினரும் கேம்பிரிட்ச் சர்வகலாசாலையினரும் இணைந்து எப்பொட்சிப் பிசினிலே பல்சுவர் நுண்குழாய்களைக் கலந்து, இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டு 2005 இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆடலோட்டத்தில் உருவாகிய வலைப்பின்னல் நேரோட்டத்தில் உருவாகியதிலும் சீரானதாயும் நேரானதாயும் அமைந்தது. வீட்டு மின்சாரத்தின் மீடிறன் செக்கனுக்கு 50 வட்டம். இத்தகைய ஆய்வுகளிற் செக்கனுக்கு ஆயிரம் வட்டமளவில் மின்புலத்தை மாற்றுவதே பெருவழக்கு. மீடிறன் மிகத் தாழ்ந்தால் அயன்கள் குறுக்கிடும். மிக உயர்ந்தாலோ ஏற்றங்கள் ஈடுகொடுத்து ஓட இயலாது போகும். மின்புலத்தின் வலிமை பிசினையும் துகளையும் பொறுத்துச் சென்ரிமீற்றருக்கு நூறு வோல்ற்றளவிலிருந்து சில ஆயிரம் வோல்ற்றுவரை வேறுபடும்.

உறையும் வேளை

சமையற் கலையிற் பதம் என்று ஒன்றுண்டு. பாகு பதம் தப்பினால் அதிரசம் கெடும். இங்கும் அவ்வாறே. எப்பொட்சிப் பிசினுடன் வன்மையாக்கியைக் கலந்து சூடாக்கும்போது, அது முதலில் இளகும், பின்னர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கூழாகும், இறுதியிற் கல்லாகும். இளகி நிற்கும் அச்சிறு பொழுதிலேயே துகள்கள் திரும்பித் தொடர்ந்துவிடவேண்டும். பிந்தினால் அவை பாதி திரும்பிய நிலையிற் சிறைப்பட்டுவிடும். முந்தி மின்புலத்தை நிறுத்தினாலோ, மூலக்கூறுகளின் வெப்ப அசைவு அவற்றைத் தட்டித் தட்டி மீண்டுங் கலைத்துவிடும்.

இதற்கு வேறொரு தந்திரமும் உண்டு. சில பிசின்கள் கழியூதா ஒளி பட்டதும் விரைவாக உறைவன. துகள்கள் அணிவகுக்கும்வரை காத்திருந்து, பின்னர் ஒளியைப் பாய்ச்சினால் அணிவகுப்பு அப்படியே நிலைத்துவிடும். ஒற்றைச்சுவர் நுண்குழாய்களைக்கொண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர் இவ்வழியைக் கையாண்டு 2006 இல் அறிவித்தனர். நோர்வே நாட்டில் செலர் என்னுமிடத்து ஆராய்ச்சி நிலையத்தார் குழாய்க்குப் பதிலாகக் கூம்பு வடிவான காபன் துகள்களையும் காபன் வட்டுகளையும் எடுத்துக்கொண்டனர். சிதறிய நிலையில் மின்சாரத்தைக் கடத்துவதற்குப் போதாத சொற்ப அளவு துகளே, வரிசையில் நின்றபோது ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுசென்றது.

முன்னோடிகள் இருவர்

இக்கதையின் வேர்கள் நுண்குழாய்க்கு முற்பட்டவை. அமெரிக்கரான வில்லிஸ் வின்சிலோ, எண்ணெயிலே நுண்தூளைக் கலந்து மின்புலத்தில் வைத்தபோது தூள் நாராய்த் திரண்டு எண்ணெய் முழுவதும் தடித்துவிடுதலைக் கண்டார். 1947 இல் அதற்குக் காப்புரிமை பெற்று, 1949 இல் விரிவான கட்டுரையும் வெளியிட்டார். மின்சாரத்தை நிறுத்தியதும் எண்ணெய் மீண்டும் இளகிவிடும். இன்று அந்த விளைவு அவர் பெயராலேயே வழங்குகின்றது.

மற்றவர் ஹேபேட் போல். சீரற்ற மின்புலத்தில் ஏற்றமில்லாத துகளும் இழுக்கப்படும் என்பதை 1951 இல் ஆராய்ந்து, அதற்குத் தனிப்பெயருஞ் சூட்டியவர் அவர். அவருடைய தொடக்க நோக்கத்தைக் கேட்டால் நமக்கு வியப்பாகவே இருக்கும். பிளாஸ்டிக் கரைசலிற் கலந்திருந்த கரித்தூளை வெளியே பிரித்தெடுப்பதற்காகவே அவர் மின்புலத்தை நாடினார். அரை நூற்றாண்டு கழிந்தபின், அதே கரியைப் பிளாஸ்டிக்கினுள்ளே ஒழுங்காகக் குடியமர்த்துவதற்கு அதே மின்புலம் பயன்படலாயிற்று.

எங்கே பயன்?

1963 டிசம்பர் 8 ஆந் திகதி, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்து எல்க்ரன் நகருக்கருகே பயணிகள் விமானமொன்றை மின்னல் தாக்கிற்று. எரிபொருட் தாங்கியிலிருந்த ஆவி தீப்பற்ற, விமானம் வெடித்து வீழ்ந்தது. அதிலிருந்த 81 பேரும் மாண்டனர். அதன்பின் விமானங்களின் மின்னற் காப்பு முறைகள் பெரிதும் திருந்தின. உலோக உடலுள்ள விமானத்தில் மின்னலின் ஓட்டம் மேற்றோலின் வழியே பரவிச் சென்றுவிடும். ஆனால் இக்காலத்து விமானங்களின் உடல் முழுவதும் உலோகமன்று. 2011 இற் பயணிகள் சேவையில் இறங்கிய போயிங் 787 இன் எடையில் ஏறக்குறைய அரைப்பங்கு, காபன் நாரும் பிசினுஞ் சேர்ந்த கலவைப் பொருளாகும். நார் தன் வழியே மின்னைக் கடத்தினாலும், படைக்கும் படைக்கும் இடையிலுள்ள பிசின் மின்னைத் தடுக்கின்றது. ஆகையால் அத்தகைய விமானங்களின் மேற்பரப்பிலே மெல்லிய உலோக வலையைப் பதிக்கின்றனர். வலை எடையைக் கூட்டும். பிசினே தன் தடிப்பின் வழியாக மின்னைக் கடத்துமாயின், அச்சுமையைக் குறைக்கலாமல்லவா? ஆராய்ச்சியாளரைத் தூண்டும் ஆசைகளுள் இது முக்கியமானது.

கைத்தொலைபேசியும் கணினியும் சூடேறுதலை நாம் நாள்தோறும் உணர்கின்றோம். சூடேறும் சில்லுக்கும் அதனைக் குளிர்விக்கும் உலோகத்துக்கும் இடையே மெத்தென்ற படலமொன்றை வைப்பதுண்டு. அப்படலத்தின் குறுக்காகத் துகள்கள் வரிசைப்பட்டு நின்றால் வெப்பம் விரைந்து வெளியேறும். மற்றொரு படலம் மேலிருந்து கீழாக மாத்திரம் மின்னைக் கடத்தி, பக்கவாட்டிற் கடத்தாதிருக்கவேண்டும். நெருக்கமாக அமைந்த நுண்ணிய மின்தொடுகைகளை ஒன்றோடொன்று கலக்காமல் இணைக்க அது உதவும். ஒரு திசைக்கு வழிவிட்டு மறு திசையை அடைக்கும் இக்குணம் சிதறிய துகளுக்கு ஒருபோதும் வராது.

வலிமைக்கும் இது துணைசெய்கின்றது. அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரத்து ஆராய்ச்சியாளர் 2015 இல், வெடிப்புப் படரும் திசைக்குக் குறுக்காகக் கிராபீன் அடுக்குச் செதில்களை மின்புலத்தால் நிறுத்தி, பிசினில் வெடிப்பு எளிதில் நீளாதவாறு செய்தனர். வேலி கட்டும் கதியாலைப் படுக்கவைப்பதற்கும் நட்டுவைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் அது. அன்றியும், கடத்தும் சங்கிலிகள் ஊடுருவிய பொருளில் எங்கேனும் கீறல் விழுந்தால் அவ்விடத்துச் சங்கிலி அறுந்து மின்தடை மாறும். அதனை அளந்தறிவதால், கண்ணுக்குத் தெரியுமுன்பே பொருள் தன் நோவைத் தானே சொல்லிவிடும்.

இன்னுந் தீராத சிக்கல்கள்

இவ்வளவு நன்மையிருந்தும் இம்முறை இன்னும் எல்லாத் தொழிற்சாலைகளிலும் புகுந்துவிடவில்லை. முதற் சிக்கல், துகள்கள் ஒன்றையொன்று விடாது பற்றிக்கொண்டு கட்டியாகிவிடுதல். கழியொலி அதிர்வினாற் கட்டிகளைப் பிரிக்கலாம்; மிதமிஞ்சி அதிர்த்தினாலோ குழாய்களே முறிந்துவிடும். இரண்டாவது, துகள் மிகுந்தால் நெரிசலிற் சிக்கிய சனங்களைப்போல் ஒன்றுக்கொன்று இடங்கொடாமல் எதுவுந் திரும்பாது போதல். மூன்றாவது, சங்கிலி இரு மின்வாய்களையுந் தொட்டதும் ஓட்டம் பாய்ந்து சூடேறுதல். நான்காவது, அளவு. ஆய்வுகூடத்திலே ஒரு விரற்கடை இடைவெளியில் உண்டாக்கும் மின்புலத்தை ஒரு விமானச் சிறகின் முழு நீளத்திலும் சீராக உண்டாக்குதல் வேறு காரியம்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி மனிதரின் உடல்நலம். கல்நார் என்னும் அஸ்பெஸ்ரஸை உலகம் ஒருகாலத்தில் வரப்பிரசாதமெனக் கொண்டாடி, பின்னர் அதன் நுண்ணிழை நெஞ்சறைக்குட் புகுந்து விளைத்த கேட்டினைக் கண்டு அஞ்சியது. 2008 இல் எடின்பரோ ஆராய்ச்சியாளரும் அவர்தம் துணைவரும் எலிகளில் நடத்திய சோதனையில், நீண்ட காபன் நுண்குழாய்கள் கல்நாரை ஒத்த அழற்சியை உண்டாக்குதல் காணப்பட்டது. 2014 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் கூடி ஆராய்ந்து, பல்சுவர் நுண்குழாய்களுள் ஒரு குறித்த வகையை, மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கக்கூடியவை என்னும் ஐயத்துக்குரிய வகுப்பிற் சேர்த்தது. உறைந்த பிசினுள்ளே கட்டுண்ட குழாய் எளிதில் வெளிவராது. எனினும் தூளாய்க் கையாளும் தொழிலாளியும், உறைந்த பொருளை அறுத்துத் தேய்ப்பவனும் அந்தத் தூசைச் சுவாசிக்க நேரும். சொற்பத் துகளைக்கொண்டு மிகுந்த பயன்பெறும் முறை இவ்வகையிலும் வரவேற்கத்தக்கதே. ஆயினும் கவனத்துக்கு அது ஈடாகாது. கல்நார் கற்பித்த பாடத்தை இருமுறை படிக்கவேண்டிய அவசியமில்லை.

நமது காரீயம்

இக்கதை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. காரீயம் உலகின் பல நாடுகளிலும் கிடைக்கின்றது. ஆயின் பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாகப் படிந்த மிகத்தூய காரீயம் வணிக அளவிலே கிடைப்பது இலங்கையிலேதான். பொகல, கஹட்டகஹ ஆகிய சுரங்கங்களின் பெயர் இதனாற் பிறநாட்டாருக்குந் தெரியும். காரீயம் தாள்தாளாக அடுக்கிய காபனேயாதலின், கிராபீனுக்கு அது மூலப்பொருள். 2008 இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகம் நம் காரீயத்திலிருந்து கிராபீனை ஆக்கும் முயற்சியில் ஈடுபட்டு வந்திருக்கின்றது.

தலைமுறை தலைமுறையாக நாம் காரீயத்தைத் தோண்டி மூட்டையிற் கட்டிக் கப்பலேற்றியே வந்தோம். எடைக்கு விலைபேசி விற்றோம். வாங்கியவர்களோ அதற்கு வடிவமும் ஒழுங்குங் கொடுத்து, பலமடங்கு விலையுள்ள பண்டமாக்கிக்கொண்டனர். மண்ணிலிருந்து கிடைப்பது பொருள் மட்டுமே; அதனை ஒழுங்குபடுத்தும் அறிவைப் பாடசாலையிலும் ஆய்வுகூடத்திலுந்தான் தோண்டி எடுக்கவேண்டும்.

அடுத்தமுறை பௌதிக ஆசிரியர் கண்ணாடித் தட்டில் ஆமணக்கெண்ணெயை ஊற்றி ரவையைத் தூவும்போது, பின்வாங்கில் அமர்ந்திருக்கும் மாணவரும் எழுந்து வந்து அருகே நின்று பார்ப்பாராக. அந்த ரவை மணிகள் திரும்புவதைப் பார்த்து, 'எண்ணெய் இப்பொழுதே உறைந்துவிட்டால் என்ன ஆகும்?' என்று ஒரு பிள்ளை கேட்குமாயின், ஆசிரியர் அக்கேள்வியைப் பரீட்சைக்குரியதன்று என ஒதுக்கிவிடாதிருப்பாராக.